யானையைச் சுற்றி நிற்பவர்கள்

மந்தின்
20 நவம்பர் 2023

மதிப்பிற்குரிய வீட்டாருக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ரியான். நீலாயில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறேன். சென்ற வாரம் லுக்குட்டில் ஒரு பழைய சாமான் கடையில் சட்டம் போட்ட படம் ஒன்று வாங்கினேன். படம் ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு கரண்ட் பில் உறையை மடித்துச் செருகியிருந்தார்கள். அதில் உங்கள் புக்கிட் பெலண்டோக் விலாசம் இருந்தது. போன் நம்பர் தெரியாததால் கடிதம் எழுதுகிறேன்.

படம் எது என்று உங்களுக்கே தெரியும்: பெரிய கண்ணாடிக் கூரை, அம்பாரி வைத்த யானை, சுற்றிலும் தொப்பியும் குடையுமாக வெள்ளைக்காரக் கூட்டம். 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியின் காட்சி அது. அந்தக் காலத்தில் பத்திரிகையில் புகைப்படம் அச்சடிக்க முடியாது. மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடிப்பார்கள். பெரிய படமென்றால் கட்டையைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்து, செதுக்கி முடித்ததும் திருகாணி போட்டு இணைப்பார்கள். உற்றுப் பார்த்தால் இணைத்த இடங்களில் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரியும். இப்படிப்பட்ட கண்காட்சிப் படங்களைப் பன்னிரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். இந்தக் கண்காட்சியில் என்னிடம் ஆறு இருக்கின்றன. ஏழாவதாக இதை நான்கு வருடம் தேடினேன்.

ஆனால் படத்தைப் பாழாக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் நிற்கிறவர்கள் நெற்றியிலெல்லாம் சிவப்புக் கறை. ஓரிரண்டு இடத்தில் நீலப் பென்சில் கிறுக்கல் வேறு. கறை எடுக்கிறவர் கோலாலம்பூரில் இருக்கிறார். என்ன சாயம் என்று தெரிந்தால்தான் மருந்து போடுவேன் என்கிறார். வீட்டுப் பிள்ளை யாரோ விளையாடியிருக்கும். குறையாகச் சொல்லவில்லை. அது என்ன சாயம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். தபால் தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரியான்


புக்கிட் பெலண்டோக்
27 நவம்பர் 2023

ரியான் அவர்களுக்கு,

புஷ்பவள்ளி எழுதுவது. நீங்கள் அனுப்பிய உறையிலேயே பதில் வருகிறது. உறை நல்ல உறை. கடிதத்தைப் படித்துத்தான் அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டேன்.

அது கறை இல்லை. பிள்ளை விளையாட்டும் இல்லை. என் அம்மா, பெயர் தாயம்மா, வைத்த பொட்டு. குங்குமத்தில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தது. எந்த மருந்துக்கும் போகாது, போகவும் கூடாது.

என் அம்மா எங்கள் ரப்பர் தோட்டத்து மருத்துவச்சி. வெள்ளைக்காரத் தொரை வீட்டம்மாவுக்குத் திடீரென்று இடுப்பு வலி கண்டு, டாக்டர் வந்து சேர்வதற்குள் அம்மாதான் பிள்ளையை எடுத்தார். அந்த அம்மாள் அழுதுகொண்டே பங்களாச் சுவரில் இருந்த இந்தப் படத்தைக் கழற்றிக் கொடுத்தாளாம். எங்கள் லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்கு லண்டனைத் தெரியுமா, கண்காட்சியைத் தெரியுமா? யானை இருக்கிறது, கொடி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, தேவலோகத்துத் திருவிழா என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பதினாறாம் நாள் அம்மா படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போவார். பிள்ளைக்கு யானையைக் காட்டுவார். பிறகு கூட்டத்தில் ஒரு ஆளைப் பார்த்து அந்த ஆள் நெற்றியில் ஒரு பொட்டு வைப்பார். "இதோ பாரு, திருவிழாவுல ஒனக்கும் எடம் பிடிச்சாச்சு" என்று பிள்ளையிடம் சொல்வார். எங்கள் லயத்துக் கிறிஸ்தவ வீட்டுக்காரர்களுக்கும் ஆசை. ஆனால் குங்குமம் வேண்டாம் என்பார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஆபீசில் நீலப் பென்சில் வாங்கி வந்து அம்மா அதனால் வைப்பார். உங்கள் 'கிறுக்கல்' அதுதான்.

படம் எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. என் அக்காள் மகன் தங்கராஜு தீபாவளிக்குச் சாயம் அடிக்கிறேன் என்று வந்து, படத்தைக் கழற்றிக் கொண்டுபோய் விற்றிருக்கிறான். "பழைய படந்தானே சித்தி, பலகையெல்லாம் செல்லரிச்சிருக்கு லா" என்கிறான் இன்றைக்கு. அவனுக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதினால் தபால்காரர் கடிதத்தை எடுக்க மாட்டார்.

திட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. ஒரு உதவி வேண்டும். ஒவ்வொரு பொட்டுக்கும் படத்தின் பின்பக்கம் பிள்ளையின் பெயரையும் தேதியையும் அம்மா எழுதுவார். 1972-ல் தாள் கிழிய ஆரம்பித்ததும் தச்சரை வைத்துப் பலகையில் ஒட்டிவிட்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. பின்பக்கத்தை நான் படித்ததே இல்லை.

எனக்கு அறுபத்திரண்டு வயது, 1961 பிப்ரவரியில் பிறந்தேன் என்று அம்மா சொல்வார். இந்த ஊரிலேயே பிறந்து, பால் மரம் சீவி, பிறகு பேக்டரியில் வேலை செய்து, இன்றுவரை சிவப்பு ஐ.சி.தான், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை; நீல ஐ.சி. கிடைத்தால்தான் நான் இந்த நாட்டுக் குடிமகள். நான் பிறந்ததை யாரும் பதியவில்லை. என் ஐ.சி. நம்பரில் நடுவில் 82 என்று இருக்கும். பிறந்த இடம் தெரியாது என்று அர்த்தமாம். ஒரு தேர்தலிலாவது என் விரலில் மை பட்டதில்லை. அக்டோபரில் பதிவு இலாகாவுக்கு மறுபடி போனேன். அங்கே இருக்கிற மலாய்ப் பெண் தங்கமானவள். "மக்சிக்" என்று மலாயில் அத்தை முறை சொல்லி, "நீங்கள் இங்கே பிறந்ததற்கு அந்தக் காலத்தில் எழுதியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று படம் ஞாபகம் வந்தது. இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஓடி வந்தால், சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது.

படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. பின்பக்கம் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்குக் காது மந்தம், போனில் நீங்கள் ஒன்று சொன்னால் நான் வேறொன்று பிடித்துக்கொள்வேன். எழுதுங்கள்.

புஷ்பவள்ளி


மந்தின்
10 டிசம்பர் 2023

அன்புள்ள புஷ்பவள்ளி அம்மாவுக்கு,

முதலில் மன்னிப்பு. கறை என்று எழுதியதற்கும், பாழாக்கிவிட்டார்கள் என்று எழுதியதற்கும். கோலாலம்பூர்க்காரருக்கு அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சாயத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் இந்நேரம் முதல் பொட்டுக்கு மருந்து போட்டிருப்பார்.

உண்மையைச் சொல்கிறேன், உங்கள் கடிதம் வந்த பிறகும் நான்கு நாள் படத்தைத் தொடவில்லை. பலகையிலிருந்து உரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தாள் நூற்றெழுபது வயதுத் தாள். ஐந்தாம் நாள் என் அக்கா எலெய்ன் உங்கள் கடிதத்தைப் படித்தாள். "நீ என்னா செய்யற இன்னும்? ஒரு பொம்பளையோட வாழ்க்கை பலகைல ஒட்டிக் கிடக்கு, நீ பேப்பர் பேப்பர்னு பொலம்பிட்டு இருக்க" என்றாள். அன்று மாலையே கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவி காட்ட ஆரம்பித்தேன். அரிசிமாவுப் பசை என்பதால் விரல் விரலாக விட்டது. இரண்டு ஞாயிறு ஆனது. தேவாலயத்தில் பூசைக்கும் போகவில்லை.

பின்பக்கம் நிறைய எழுத்து, அம்மா. பென்சில் எழுத்து, கொஞ்சமும் மங்கவில்லை. முதல் வரி: 'தொரை வீட்டுப் பிள்ளை, ஆண், 1954'. அதற்கடுத்து மணியம் மகன், பிறகு முருகையா கிராணி மகள் ரோகினி. 'அந்தோனியம்மா மகன் ஹரோல்ட், நீலம்' என்று நிறம் முதற்கொண்டு குறித்திருக்கிறார். கடைசிப் பெயர் 1971. எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பது.

உங்கள் பெயர் இல்லை.

மூன்று முறை பார்த்தேன். எலெய்னும் பார்த்தாள். 1961-ல் ஜனவரியில் ஒரு பெயர், அடுத்தது ஏப்ரல். இடையில் ஒன்றும் இல்லை. படத்தின் அடிப்பக்கம் நான்கு விரல் அகலம் மட்டும் பலகையை விட்டு வரவில்லை. அங்கே தச்சர் வேறு ஏதோ பசை போட்டிருக்கிறார், ஆவிக்கு இளகவில்லை. இழுத்தால் கிழியும். படத்தின் தலைப்பும் செதுக்கியவர் பெயரும் அங்கேதான் அச்சாகியிருக்கின்றன. அது போனால் சேகரிக்கிறவர்கள் கணக்கில் படம் செத்தது மாதிரி. அங்கே எழுத்து இருக்க வாய்ப்பும் இல்லை. உங்கள் அம்மா மேலிருந்து வரிசையாக எழுதி, பாதித் தாளிலேயே முடித்துவிட்டார். அதனால் அப்படியே விட்டேன்.

நல்ல செய்தி சொல்ல முடியாமல் போனதற்கு வருந்துகிறேன்.

ரியான்


புக்கிட் பெலண்டோக்
18 டிசம்பர் 2023

தம்பி ரியானுக்கு,

தம்பி என்று கூப்பிட்டுவிட்டேன். இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாமல் முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கெட்டிலோடு உட்கார்ந்த பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், மறைப்பானேன். பிறகு யோசித்தேன், இதில் ஆச்சரியம் என்ன? ஊரார் பிள்ளையை எல்லாம் எடுக்கிற மருத்துவச்சிக்குப் பிரசவ வலி வந்தால் யார் வருவது? என்னைத் தானே பெற்று, தானே கொடி அறுத்தாராம். பிறகு ஒரு மாதம் நினைவு தப்பிய காய்ச்சல். அப்பாவுக்குத் தண்ணி போடத் தெரியும், பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தெரியாது. மற்ற பிள்ளைகள் பிறந்தால் அம்மாவே கிராணியை விரட்டிப் பதிய வைப்பார். என் விஷயத்தில் விரட்ட ஆள் இல்லை. அம்மாமேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

நீ எழுதி அனுப்பிய பெயர்களைத் தினமும் படிக்கிறேன். ஹரோல்ட் இப்போது பெடாசில் இருக்கிறான், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றுவிட்டான். போய்ச் சொன்னேன். "என் பேரு இருக்கா? நெசமாவா?" என்று நாலு தடவை கேட்டான். அவன் அம்மா போய் முப்பது வருஷம் ஆகிறது. அவர் பெயரை எழுத்தில் பார்த்ததும் அந்தக் கிழட்டுப் பயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைக் கொடுக்கவே மாட்டேன் என்றான். இத்தனை பேருக்கு நீ செய்தது பெரிய காரியம். எனக்கு இல்லாவிட்டால் என்ன, நன்றி நன்றிதான்.

படத்தை நீயே வைத்துக்கொள். அதைப் பற்றித் தெரிந்தவன் கையில் இருக்கட்டும். உன்னிடமிருக்கும் ஆறோடு ஏழாவதாக மாட்டு. ஒன்றே ஒன்று, ஆசைக்காகக் கேட்கிறேன். யானையின் வலப் பக்கம் ஒரு வெள்ளைக்காரி கைக்குழந்தையோடு நிற்பாள். குழந்தையின் நெற்றியில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். அதுதான் நான் என்று அம்மா காட்டுவார். அது இன்னும் இருக்கிறதா, இல்லை ஆவியில் அழிந்துவிட்டதா என்று மட்டும் எழுது.

உனக்கும் எலெய்னுக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து. முறுக்கு அனுப்புகிறேன். நொறுங்கி வந்தால் தபாலைத் திட்டு, என்னைத் திட்டாதே.

புஷ்பவள்ளி


மந்தின்
26 டிசம்பர் 2023

அம்மா,

முறுக்கு நொறுங்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று மதியச் சாப்பாடு முடிந்து, பூதக்கண்ணாடியை எடுத்து நீங்கள் சொன்ன வெள்ளைக்காரியைத் தேடினேன். இருக்கிறாள். குழந்தையும் இருக்கிறது, பொட்டும் இருக்கிறது, கடுகளவு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பொட்டுக்கும் பின்பக்கம் பெயர் எழுதுவார் என்று நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். நான் பெயர்களை எண்ணினேன், பொட்டுகளை எண்ணவே இல்லை. பன்னிரண்டு வருடமாகப் படம் பார்க்கிறவன், கறை என்று ஒருமுறை முடிவு கட்டியதால் அவற்றை எண்ணத் தோன்றவில்லை.

நானும் எலெய்னும் தனித்தனியாக எண்ணினோம். சிவப்பு முப்பத்தெட்டு. நீலம் மூன்று. நாற்பத்தொன்று.

நாற்பது பெயர், நாற்பத்தொரு பொட்டு. பார்க்காத இடம் அந்த நான்கு விரல் அகலம்தான்.

வெந்நீரில் துணி நனைத்துப் போட்டேன், வினிகர் போட்டேன். கடைசியில் பின்தாளைக் காப்பாற்ற வேண்டுமானால் முன்தாளை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தது. அந்தக் கால ஆட்கள் படத்தை இன்னொரு தாளோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். எழுத்து இருப்பது அந்தத் தாளில். அந்த நான்கு விரல் இடத்தில் முன்பக்கத்தைச் சுரண்டினால்தான் ஈரம் பசை வரை இறங்கும்; சுரண்டிவிட்டு, பலகையைப் பின்னாலிருந்து உளியால் சீவி எடுத்தேன். தலைப்பு போய்விட்டது. செதுக்கியவர் பெயரும் போய்விட்டது. இப்போது துளியும் வருத்தமில்லை.

அங்கே எழுத்து இருக்கிறது, அம்மா. தலைகீழாக. உங்கள் அம்மாவின் எழுத்து இல்லை, ஆங்கிலத்தில் பேனா எழுத்து. அதைத் தமிழில் தருகிறேன்:

'மருத்துவச்சி தாயம்மாவின் சொந்தக் குழந்தை. பெண். பெயர் புஷ்பவள்ளி. 1961 பிப்ரவரி 14, காலை, ஆறாம் லயம். தாய் காய்ச்சலில் கிடப்பதால் அவர் கேட்டுக்கொண்டபடி நான் எழுதுகிறேன். முருகையா, கிராணி.'

பக்கத்திலேயே ஊதா மையில் தோட்டத்து முத்திரை, தேதியோடு. பாவம், அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்து வெறும் இடமாக இருக்கிறதே என்று எழுதியிருக்கிறார். வெறும் பென்சில் எழுத்தைவிட ஆபீஸ் முத்திரைக்கு மதிப்பு அதிகம் என்று எலெய்ன் சொல்கிறாள். அவள் வக்கீல் ஆபீசில் டைப் செய்கிறவள், அவளுக்குத் தெரியும்.

தபாலில் அனுப்ப மாட்டேன். ஜனவரி எட்டாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். நானே கொண்டு வருகிறேன். இலாகாவுக்குச் சேர்ந்தே போவோம்.

ரியான்


புக்கிட் பெலண்டோக்
2 ஜனவரி 2024

தம்பி,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது.

'அவர் கேட்டுக்கொண்டபடி.' அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காய்ச்சலில் என்னைப் பதிய மறந்துவிட்டார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அத்தனை ஜுரத்திலும் ஆளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். ஐ.சி. கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும். இது ஒன்று எனக்குப் போதும்.

எட்டாம் தேதி வெறும் வயிற்றோடு வா, இங்கே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஹரோல்டும் வருகிறான், சாட்சிக் கையெழுத்து போட. எனக்கு மூன்று வயது மூத்தவன். தன் பிறப்புப் பத்திரத்தையும் கொண்டு வருகிறான்; அவன் பெயரும் என் பெயரும் ஒரே தாளில் இருப்பதை இலாகாப் பெண் பார்க்கட்டும் என்கிறான். தங்கராஜு கார் ஓட்டுவான். படத்தை விற்ற பாவத்துக்கு இந்த வருஷம் முழுக்க அவன்தான் எனக்கு டிரைவர்.

புஷ்பவள்ளி


மந்தின்
21 ஏப்ரல் 2024

அம்மா,

இலாகாவிலிருந்து படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், நகல் எடுத்துக்கொண்டார்கள். முடிவுக்கு எத்தனை மாதமாகுமோ, கும்பிட்டுக் காத்திருப்போம். அதுவரை சும்மா இருக்க முடியாமல் படத்துக்குச் சட்டம் போட்டேன். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. யானையும் தெரியும், பெயர்களும் தெரியும். தங்கராஜு வந்து எடுத்துப் போகட்டும். ஏழாவது படம் என்னிடம் இல்லை, உங்கள் சுவரில்தான் இருக்க வேண்டும். மறுத்து எழுதாதீர்கள், எலெய்னும் நான் சொல்வதுதான் சரி என்கிறாள். அவள் அப்படிச் சொல்வது வருடத்தில் ஒருமுறைதான்.

நன்றி என்று நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். நான் ஒருமுறை எழுதிவிடுகிறேன். என்னிடமிருக்கும் ஆறு படங்களிலும் ஆயிரக்கணக்கான பேர் நிற்கிறார்கள். நான் மேற்கூரையையும் இணைப்புக் கோட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது முகம் முகமாகப் பார்க்கிறேன். அதற்கு நன்றி.

ரியான்


புக்கிட் பெலண்டோக்
18 நவம்பர் 2024

அன்புத் தம்பி ரியானுக்கு,

நீல ஐ.சி. வந்துவிட்டது. இன்று காலை கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஹரோல்ட் இலாகா வாசலிலேயே கத்தினான், காவலுக்கு நின்றவர் அடங்கும்படி சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

அட்டையை வாங்கியதும் நான் என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோவில் எப்படியும் கோட்டான் மாதிரிதான் இருப்பேன். நம்பரைப் பார்த்தேன். 610214, அதற்கப்புறம் 05. நெகிரி செம்பிலான், நம் மாநிலம். அந்தப் பெண்ணிடம், "இது எந்த இடம்மா?" என்று தெரியாதது போலக் கேட்டேன். "இங்கேதான் மக்சிக்," என்றாள். மறுபடி ஒருமுறை கேட்டேன். காது மந்தம் என்று நினைத்து அவள் சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, படத்தின் முன்னால் அட்டையைக் காட்டினேன். அம்மாவுக்கும் கிராணிக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். அந்த இரண்டு பேரோடு இன்னொரு பெயரையும் சொன்னேன், அது யாரென்று உனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு எலெய்னோடு வா. பூசை முடித்துவிட்டே வா. சட்டத்தைக் கழற்றத் தெரிந்தவன் நீதான், கழற்றித் தர வேண்டும். அம்மா போன பிறகு அந்தப் பின்பக்கத்தில் யாரும் பெயர் எழுதியதில்லை. 1971-க்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. கூட்டத்தில் எந்த ஆள் வேண்டும் என்று பூதக்கண்ணாடி வைத்து நீயே பார்த்துச் சொல். தொப்பி போட்டவனா, மீசைக்காரனா, உன் இஷ்டம்.

குங்குமம் வேண்டாம் என்பாய் என்று தெரியும். லுக்குட் கடையில் நீலப் பென்சில் வாங்கிச் சீவி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
புஷ்பவள்ளி